பன்னிரண்டாவது குடும்பம்

ஜூன் 3

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதம் வந்ததை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். ஃபோனிலும் கூப்பிட வேண்டாம். வீட்டில் ஒரே ஃபோன்தான், அது அம்மாவின் தலையணைக்கு அடியில்தான் தூங்கும்.

பதில் எழுதினால் உறையின் பின்பக்கம் இருக்கும் முகவரிக்கு எழுதுங்கள். அது என் வகுப்புத் தோழியின் வீடு. ஆள் ஒல்லி, தலை மட்டும் பெரிது என்பதால் அவளைக் குண்டூசி என்று கூப்பிடுகிறோம். "லவ் லெட்டரா?" என்று கேட்டாள். "எங்க சித்திக்குடி" என்றேன். "ச்சே, இதுக்கா இவ்வளவு பதுங்கறே?" என்றாள். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாஷிங் மெஷின் மூடிமேல் தாளை வைத்து எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் கூடவே எக்ஸாஸ்ட் விசிறியும் சுற்றும். அது கடகடவென்று அடிப்பதால் நான் மூக்கை உறிஞ்சுவது வெளியே கேட்காது. அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அம்மா கதவைத் தட்டுவாள். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கீழ்வரிசையில் முன்பல் இரண்டு ஆடுகின்றன. பால்பல் ஆடும்போது ஒரு குஷி இருக்குமே, அந்த மாதிரி இல்லை. எனக்குப் பதினைந்து வயது. இது விழுந்தால் அவ்வளவுதான், இன்னொன்று முளைக்காது. நாக்கால் தள்ளினால் முன்னே போய்த் திரும்பி வருகிறது. தள்ளக்கூடாது, தள்ளக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கணக்கு வகுப்பு முழுக்கத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. அம்மா பார்ப்பதற்குள் குழாயைத் திறந்து விட்டுவிடுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குழாய் அனுப்பினீர்கள். நுரை இல்லாமல் கோடு வரைக்கும் எச்சில் துப்ப வேண்டும். நம் குடும்பத்தில் பல் ஏன் சீக்கிரம் விழுகிறது என்று அந்த எச்சிலுக்குள் எழுதியிருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டர் அதைப் படித்துச் சொல்லும் என்றீர்கள். படித்துவிட்டதா சித்தி? என் குழாயில் என்ன இருந்தது? எனக்கு எல்லாமே விழுமா, இரண்டோடு நிற்குமா?

கெட்ட பதில் என்றாலும் பரவாயில்லை. சொல்லிவிடுங்கள்.

உங்கள்,
குட்டி

*

ஜூன் 11

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் மேஜையில் மூன்று நாள் கிடந்தது. பிரிக்காமல் இல்லை. பிரித்துப் படித்துவிட்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் கிடந்தது.

முதலில் உன் பல். ஈறு டாக்டரிடம் போக வேண்டும். பல் பிடுங்கும் கிளினிக் எதற்காவது போய் உட்கார்ந்துவிடாதே, ஈறுக்கென்று தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்து, பல்லைச் சுற்றி எலும்பு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். உன் வயதில் பிடித்துவிட்டால் நிறையக் காப்பாற்றலாம். இதற்கு என் கம்ப்யூட்டர் வேண்டியதே இல்லை. அம்மாவிடம் சொல்லி இந்த வாரமே போ.

இரண்டாவது, உன் குழாய். உன்னிடம் மறைக்கிறேன் என்று நினைக்காதே, எனக்கே தெரியாது. எங்களிடம் வரும்போதே குழாய்களில் பெயர் போய், எந்தக் குடும்பம், எத்தனை பல் என்ற விவரத்தோடு எண் மட்டும்தான் இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் பல லட்சம் எழுத்துகள். நான் செய்வது என்னவென்றால், பல் சீக்கிரம் விழுந்தவர்கள் எல்லோரையும் ஒரு பக்கம், விழாதவர்களை இன்னொரு பக்கம் உட்கார வைப்பது. இந்தப் பக்கம் எல்லோரிடமும் இருந்து அந்தப் பக்கம் ஒருவரிடமும் இல்லாத எழுத்துப் பிழை எது என்று கம்ப்யூட்டரைத் தேடச் சொல்வது. நாலு வருடமாகத் தேடுகிறது. கிடைக்கவில்லை.

குறிப்பாக நம் குடும்பம் என்னைப் படுத்துகிறது. தாத்தாவுக்கு முப்பது வயதில் வாய் காலி. மாமாவுக்கு அதே கதை. மாமாவின் பெரிய பையனுக்கு இப்போது ஆரம்பித்திருக்கிறது. உன் அம்மா மட்டும் இருபத்தெட்டுப் பல்லோடு ஜம்மென்று நிற்கிறாள். அவள் எப்படித் தப்பித்தாள் என்பது தெரிந்தால் எனக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளிடம் ஒரு எக்ஸ்ரே கேட்டேன். "எங்க எச்சிலை வித்து நீ சம்பளம் வாங்கறது பத்தலையா?" என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும்.

எங்களுக்கு வரும் பணம் செப்டம்பரோடு முடிகிறது. புது விண்ணப்பம் ஜூலை 31க்குள் போக வேண்டும். நாற்பத்திரண்டு பக்கம். 'இந்த ஆராய்ச்சியால் மக்களுக்கு என்ன பயன், இருநூறு சொற்களுக்கு மிகாமல்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதை ஒன்பது தடவை எழுதி ஒன்பது தடவை அடித்துவிட்டேன். இதயத்துக்கு, மூளைக்கு, புற்றுநோய்க்கு என்று பணம் கேட்பவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் பல்லுக்கு என்று போய் நின்றால் பணம் தரும் குழுவில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், நல்ல பல்லோடு. குறைந்தது பன்னிரண்டு குடும்பம் சேர்த்திருந்தால்தான் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்ப்பார்கள். என்னிடம் சரியாகப் பன்னிரண்டு. பன்னிரண்டாவது நாம்.

உன்னிடம் போய் இதையெல்லாம் புலம்புகிறேன். மூன்றாவது மாடியில் இந்த அறையில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன், வேறு யாரிடம் சொல்வது. டாக்டரைப் பார்த்ததும் எழுது.

சித்தி

*

ஜூன் 17

அன்புள்ள சித்திக்கு,

டாக்டரிடம் போகவில்லை. "ஈறு வலிக்குதும்மா" என்று பாதி மட்டும் சொன்னேன். "உப்புத் தண்ணி வெச்சுக் கொப்பளி, சரியாயிடும்" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் என் வாயைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைப் பார்த்தாள். இரண்டாம் தடவை சொன்னபோது, "டாக்டர்கிட்ட போனா புடுங்கறதுக்குன்னே உக்காந்திருப்பாங்க, சும்மா இரு" என்று கத்தினாள். அப்பா வண்டி ஓட்டப் போனால் வீடு திரும்ப எட்டு நாள் ஆகிறது. அவரும் இதைப் பற்றி எதுவும் பேசமாட்டார்.

நான் ஒன்று சொல்ல வேண்டும். 'இருபத்தெட்டுப் பல்லோடு ஜம்மென்று' என்று எழுதியிருந்தீர்கள்.

அம்மாவுக்கு ஒரு பல்கூடக் கிடையாது சித்தி. மேலேயும் கீழேயும் கட்டின பல். ஏழு வயதில் எனக்குக் காய்ச்சல் வந்து நடு இரவில் எழுந்தபோது பார்த்துவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் உள்ளே போயிருந்தது. வேறு யாரோ வந்து அம்மா இடத்தில் படுத்திருக்கிறார்கள் என்று பயந்து கத்தப் போனேன், அப்புறம் அவள் வளையலைப் பார்த்து அடங்கினேன். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. தெரியும் என்று நான் காட்டிக்கொண்டதும் இல்லை. அவள் சீருடைக் கடையில் பிள்ளைகளுக்கு அளவெடுக்கிறாள் இல்லையா, மற்ற அக்காக்கள் எல்லாம் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்வார்கள். அம்மா மட்டும் மணிக்கட்டில் ஒரு குட்டித் தலையணை கட்டி அதில் குத்தி வைத்திருப்பாள். எல்லோரும் அதைச் சுத்தம் என்று பாராட்டுகிறார்கள்.

இன்னும் இருக்கிறது. அந்தக் குழாயோடு ஒரு படிவம் அனுப்பினீர்களே, அதை நிரப்பியது நான்தான். அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள், நான் எழுதினேன். 'வாயில் உள்ள சொந்தப் பற்கள் எத்தனை' என்ற இடம் வந்தது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் மடிக்கவில்லை. அப்புறம், "இருபத்தெட்டுன்னு போடு. முப்பத்திரெண்டுன்னா நம்பமாட்டா" என்றாள்.

போட்டேன். எனக்குப் பதினொரு வயது. பொய் என்று தெரிந்துதான் போட்டேன். உங்கள் கம்ப்யூட்டருக்கு நாலு வருடமாகக் கிடைக்காமல் போனது அதனாலா? அந்த இருபத்தெட்டு என் கையெழுத்து சித்தி. எட்டு எழுதும்போது என் கைக்கு ஒரு வளைவு வரும், எடுத்துப் பார்த்தால் தெரியும்.

அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

குட்டி

*

ஜூன் 24

என் தங்கமே,

கிழித்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் பத்துத் தடவை படித்தேன்.

நான் எவ்வளவு பெரிய மடச்சி! பல்லைப் பற்றியே படித்து, பல்லைப் பற்றியே எழுதி, முந்நூறு பேர் பல் கணக்கைப் பாராமல் சொல்லுவேன். கூடப் பிறந்தவள் வாயில் இருப்பது சொந்தப் பல்லா, கட்டின பல்லா என்று தெரியவில்லை. உன் அம்மா சிரிப்பது குறைந்துபோனதைக் கல்யாணம் ஆன களைப்பு என்று நினைத்தேன்.

அந்த ஒரு எண் என்ன செய்திருக்கிறது தெரியுமா? உன் அம்மாவை நான் 'பல் விழாதவர்' பக்கம் உட்கார வைத்திருக்கிறேன். அவளிடம் இருக்கும் எழுத்துப் பிழை எதுவாக இருந்தாலும், 'இது நல்ல பல்காரியிடமும் இருக்கிறதே, அப்படியானால் இது குற்றவாளி இல்லை' என்று கம்ப்யூட்டர் விடுதலை செய்துகொண்டே வந்திருக்கிறது. உண்மையான குற்றவாளியையும் அப்படித்தான் அனுப்பியிருக்கும். அவளைப் பக்கம் மாற்றி உட்கார வைத்து ஒரே ஒரு தடவை ஓட்டினால் போதும். இரண்டு நாள் வேலை. அந்த விடையோடு விண்ணப்பம் போனால் குழு சிரிக்காது.

ஆனால் நானாக மாற்ற முடியாது. படிவத்தில் திருத்தம் என்றால் உன் அம்மா ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் கேட்கிறேன். அவளுக்கு எந்த வயதில் விழ ஆரம்பித்தது? எல்லாம் ஒன்றாகப் போனதா, முதலில் முன்பல்லா, கடைவாயா? பிடுங்கினார்களா, தானாக விழுந்ததா? பழைய எக்ஸ்ரே ஏதாவது பெட்டியில் இருக்குமா? அவளாகவே பேச்சை எடுக்கும் மாதிரி நீ ஏதாவது செய்ய முடியுமா?

உன் பல் எப்படி இருக்கிறது?

நீ எழுதிய எட்டுக்காக அழாதே. பதினொரு வயதுப் பிள்ளை அம்மா சொன்னதை எழுதாமல் வேறு எதை எழுதும்.

சித்தி

*

ஜூலை 1

சித்திக்கு,

உங்கள் கடிதத்தில் அம்மாவின் பல்லைப் பற்றி நாலு கேள்வி இருந்தது. என் பல்லைப் பற்றி ஒன்று. நாலே சொல்லில் ஒன்று. எண்ணிப் பார்த்தேன்.

நீங்கள் அப்படி நினைத்து எழுதியிருக்கமாட்டீர்கள் என்று எனக்கே தெரியும். ஆனால் குண்டூசி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்துவிட்டு, நாலாக மடித்துப் பைக்குள் திணித்துவிட்டேன். குண்டூசி எட்டிப் பார்த்து, "சித்தி திட்டிட்டாங்களா?" என்றாள். "இல்ல, கொஞ்சியிருக்காங்க" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

என் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டதால் சொல்கிறேன். கீழே ஈறில் ஒரு இடம் வீங்கி, அமுக்கினால் கசப்பாக ஏதோ வருகிறது. ரொட்டியைத் தண்ணீரில் தோய்த்துத் தின்கிறேன். வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதால் ஒரு பையன் எனக்கு 'ரகசியம்' என்று பெயர் வைத்துவிட்டான். மேலே ஒரு கடைவாய்ப் பல்லும் லேசாக அசைகிறது. பயத்தில் அப்படித் தோன்றுகிறதோ என்று விரலை வைத்துப் பார்த்தேன். அசைகிறது.

நீங்கள் சொன்ன மாதிரி பேச்சை எடுத்துப் பார்த்தேன். நேற்று அம்மா காய் நறுக்கும்போது, "சித்தி இப்ப என்னம்மா பண்றாங்க?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். கத்தி நின்றது.

"என்ன பண்ணுவா? ஊரான் வாயத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாப்பா. அவளுக்கென்ன, வரிசையா அடுக்கி வெச்ச மாதிரி பல்லு. ஒண்ணு ஆடியிருக்குமா? எல்லாத்தையும் தானே வாங்கிட்டு வந்து பொறந்தா, படிப்பு, பல்லு, அதிர்ஷ்டம். இல்லாதவங்களை எண்ணி எழுதி மேடையேறிப் படிக்கறா. இன்னிக்குக் கூப்பிட்டாலும் எதுக்குக் கூப்பிடுவா? பணத்துக்கு ஒரு கையெழுத்து வேணும்னு கூப்பிடுவா. அக்கா எப்படி இருக்கேன்னு கேக்கவா போறா?"

உங்கள் கடிதம் என் பைக்குள்ளேயே இருந்தது. அதில் அவள் சொன்ன மாதிரிதான் எழுதியிருந்தது.

அதனால் நீங்கள் கூப்பிட வேண்டாம். நீங்கள் என்ன சொன்னாலும் அந்த விண்ணப்பத்துக்காகத்தான் என்று நினைப்பாள். என்னை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னால், அதுவும் உங்கள் கணக்குக்காகத்தான் என்பாள். அப்புறம் நான் சொன்னது தெரிந்துவிடும். நான் என்ன செய்வது? தனியாகப் போனால் பெரியவர்கள் கையெழுத்து இல்லாமல் பார்க்கமாட்டார்களாம். குண்டூசி விசாரித்துச் சொன்னாள்.

விளக்கை அணைக்கிறேன். தட்டிவிட்டாள்.

குட்டி

*

ஜூலை 9

அன்புள்ள குட்டிக்கு,

நீ எண்ணியது சரி. நானும் எண்ணிப் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்டால் அதற்கும் நீதான் ஆறுதல் எழுத வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை. என்ன செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

நம் குடும்பத்தை ஆராய்ச்சியில் இருந்து எடுத்துவிட்டேன். தாத்தா முதல் நீ வரை எல்லோரையும். உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் போய், பேராசிரியரிடம் இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தேன்: 'இது என் சொந்தக் குடும்பம். தகவல் நம்பத்தக்கதல்ல என்று எனக்குத் தெரிய வந்துள்ளது.' அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இருபது நாள்தாம்மா இருக்கு. பதினோரு குடும்பத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார். எது நம்பத்தக்கதல்ல என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். "நாலு வருஷம் தூங்கிட்டிருந்தியா?" என்றார். ஆமாம் சார் என்றேன்.

இதைத் தியாகம் கீகம் என்று நினைத்துவிடாதே. யோசித்துப் பார்த்தால் வேறு வழி இல்லை. பொய் என்று தெரிந்த எண்ணை வைத்துக்கொண்டு பணம் கேட்க முடியாது. உண்மையான எண்ணை உன் அம்மா சம்மதம் இல்லாமல் எழுத முடியாது. எடுத்துவிடுவது ஒன்றுதான் மிச்சம். இது எனக்கு முந்தின கடிதத்திலேயே தோன்றியிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த விண்ணப்பம் நடுவில் இருக்கும் வரைக்கும் உன் அம்மாவிடம் நான் எதைச் சொன்னாலும் அது பேரம்தான். இப்போது என்னிடம் அவளிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை. அதனால் அவளுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். நீக்கிவிட்டதற்கான தாளையும் முத்திரையோடு உள்ளே வைத்திருக்கிறேன். கடிதத்தில் உன்னைப் பற்றியும் ஒன்றும் இல்லை, அவள் பல்லைப் பற்றியும் ஒன்றும் இல்லை. எழுதியது இவ்வளவுதான்:

'அக்கா, நாம் யாரும் இனி என் ஆராய்ச்சியில் இல்லை. உன் கையெழுத்து எனக்கு எதற்கும் வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதுக்கு மேல்தான் இது ஆரம்பிக்கிறது. குட்டிக்குப் பதினைந்து ஆகிவிட்டது. ஒரு தடவை ஈறு டாக்டரிடம் காட்டிவிடு. என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியப்படுத்த வேண்டாம். தங்கச்சி.'

வீங்கிய இடத்தை அமுக்காதே. காய்ச்சல் வந்தால், அல்லது தாடை வீங்கினால், எந்த ரகசியத்தையும் பார்க்காமல் பள்ளி நர்ஸிடம் போய்ச் சொல்லிவிடு. அது என் பேச்சைக் கேட்டே ஆக வேண்டிய ஒன்று.

சித்தி

*

ஜூலை 20

அன்புள்ள சித்திக்கு,

நிறைய எழுத வேண்டும். எழுதும்போதே வாய் மரத்துக் கிடக்கிறது, மருந்து இன்னும் இறங்கவில்லை.

உங்கள் தபால் பதின்மூன்றாம் தேதி வந்தது. நான் பள்ளியில் இருந்து வரும்போது அம்மா சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். கடைப் பையைக்கூடத் தோளில் இருந்து இறக்கவில்லை. முத்திரை போட்ட தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் தனக்குத்தானே, "இவளுக்கு என்ன பைத்தியமா? பன்னெண்டு வேணும், பன்னெண்டு வேணும்னு என்கிட்டதானே அன்னிக்குக் கெஞ்சினா" என்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

இரண்டு நாள் பாத்திரங்களை மட்டும் சத்தமாக வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் நான் ரொட்டியைத் தண்ணீரில் தோய்க்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்து, "வாயத் தொற" என்றாள். திறந்தேன். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, அந்த இரண்டு பல்லையும் ஒரே ஒரு தடவை தொட்டாள். "எத்தனை நாளா?" என்றாள். "ஏப்ரல்ல இருந்து" என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்துபோய்க் கடைக்கு ஃபோன் பண்ணி லீவு சொன்னாள்.

டாக்டர் சின்ன வயதுதான். எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டி, பென்சிலால் காட்டினார். பல்லுக்கு நடுவில் வெள்ளையாக இருக்க வேண்டிய எலும்பு என் வாயில் கிண்ணம் கிண்ணமாகக் கரைந்திருந்தது. "வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே பல்லு போயிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

அதே மாதிரிதான் நானும் அன்றைக்குப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளிய இரு" என்றாள். எழுந்தேன். கதவு வரைக்கும் போயிருப்பேன், "வேணாம், இரு. உக்காரு" என்றாள். கைப்பையில் இருந்து கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்தாள். மேல் செட்டைக் கழற்றி வைத்தாள். அப்புறம் கீழே. முகம் சட்டென்று சின்னதாகிவிட்டது. ஏழு வயதில் பார்த்தபோது பயந்த அளவு இப்போது பயமாக இல்லை.

டாக்டர் 'ஐயோ' என்று சொல்லவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை. "எந்த வயசுலம்மா?" என்றார், தேதி கேட்பது போல. "இருபத்தாறு. இவ பொறந்த அடுத்த வருஷம். ரெண்டு தடவை உக்காந்தேன், மொத்தமும் எடுத்துட்டாங்க" என்றாள். பல் இல்லாமல் பேசியதால் வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. "காப்பாத்தலாம்னு யாரும் சொல்லலியா?" "நான் யாரையும் கேக்கலையே. கல்யாணம் ஆன புதுசு. ஊருக்குத் தெரியாம முடிஞ்சா போதும்னு இருந்துச்சு." டாக்டர் எழுதிக்கொண்டார். ஒரே ஒரு வரி. நீங்கள் நாலு வருடம் தேடியது, சித்தி. பேனாவை மூடி வைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்தில் முடிந்துவிட்டது.

என் விஷயம் இதுதான். கீழே ஒரு பல் நிற்காது, எடுத்துத்தான் ஆக வேண்டும். பக்கத்துப் பல்லை மெல்லிய கம்பியால் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கடைவாய்ப் பல் சந்தேகம். மற்றதெல்லாம் நிற்கும் என்றார், நிச்சயமாக என்று சொல்லவில்லை, 'நிக்கும்' என்றார். ஈறுக்கு அடியில் சுத்தம் செய்ய நாலு தடவை போக வேண்டும். இன்று முதல் தடவை. கத்தாமல் இருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. கத்தினேன்.

இன்று பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தக் குண்டூசி வீட்டுக்கு இனிமே தபால் போட வேணாம்னு உன் சித்திக்கு எழுது. அவங்க அம்மாதான் எங்க கடையில தைக்கக் குடுக்கறாங்க. நம்ம வீட்டுக்கே போடச் சொல்லு" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. எப்போதில் இருந்து தெரியும் என்று கேட்கவில்லை. கேட்க வாயும் வரவில்லை, மரத்துப் போயிருந்தது.

உங்கள் விண்ணப்பம் போய்விட்டதா?

குட்டி

*

செப்டம்பர் 2

அன்புள்ள குட்டிக்கு,

இதை உங்கள் வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். உன் அம்மா பிரித்துப் படித்தாலும் சரிதான்.

பதினோரு குடும்பத்தோடு விண்ணப்பம் போனது. முந்தாநாள் பதில் வந்துவிட்டது. பணம் இல்லை. உள்ளே போய்ப் படித்தார்களா, பன்னிரண்டு இல்லை என்று அட்டையோடு வைத்துவிட்டார்களா தெரியாது. 'முக்கியமான முயற்சி, ஆயினும் இம்முறை வேறு முன்னுரிமைகள்' என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வரியை எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்து வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. மாதக் கடைசியில் அறையை ஒப்படைக்க வேண்டும். கம்ப்யூட்டர் நேரத்தை வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள், ஏதோ மீன் ஆராய்ச்சி. பேராசிரியர் வந்து, "மீனுக்கும் பல்லு உண்டு, போய்ச் சேந்துக்கோ" என்றார். ஜோக் அடிக்கிறாராம். மனுஷனுக்கும் முகம் செத்துப்போயிருந்தது. ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய்விடுவேன் என்று நினைக்கிறேன்.

வருத்தமா என்று கேட்டால், இருக்கிறது. தூங்கினால் போதும் என்கிற மாதிரியான வருத்தம்.

நேற்று மதியம் உன் அம்மா கூப்பிட்டாள். நான் அலமாரியில் இருந்து கோப்புகளை இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் கழித்து, 'நான்தான்' என்று ஆரம்பித்தாள், ஏதோ காலையில்தான் பேசி வைத்தவள் போல.

"அந்தப் பணம் வந்துச்சா?"

"வரலக்கா."

"எங்களாலயா?"

"சேச்சே, போட்டி ஜாஸ்தி."

"பொய் சொன்னா உன் குரல் ஒல்லியாயிடும். இன்னும் மாறல நீ."

அப்புறம் மளமளவென்று உன்னைப் பற்றிச் சொன்னாள். கடைவாய்ப் பல் நின்றுவிட்டது, ஈறு இறுகுகிறது, ஆனால் மாத்திரையைப் பார்த்தாலே ஓடுகிறாய் என்றாள். நீங்கள் எல்லோரும் திரும்ப ஆராய்ச்சியில் சேர்ந்தால் பணம் வருமா என்று கேட்டாள். இந்த வருடம் முடிந்துவிட்டது, அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றேன். "ஓ" என்றாள். வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சரி, உனக்கு எப்படி இருக்கு?"

"இருக்கேன்க்கா. காலேஜ்ல ஒரு வேலை இருக்கு, பாக்கலாம்."

"வேலையைக் கேக்கலடி. பல்லு."

குட்டி, நான் பதினோரு வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. படிவத்தில் என் எண்ணுக்கு எதிரே நானே நிரப்பியதோடு சரி.

"மூணு போச்சுக்கா. கடைவாய்ல. வெளிய தெரியாது" என்றேன்.

"எப்போ?" என்றாள். ஒன்று படிக்கும்போது, இரண்டு போன வருடம் என்றேன். "உன்னைப் பாத்து எத்தனை வருஷம் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. உடனே அதை மறைக்கக் கோபத்தைக் கூட்டிக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

கையில் இருந்த கோப்பைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தேன்.

"டாக்டர்கிட்ட போனியா இல்லியா?"

"டைமே கெடைக்கலக்கா. அப்புறம் விண்ணப்பம், அது இதுன்னு..."

"ஊரு உலகத்துக்கெல்லாம் போ போன்னு எழுதின கைதானே இது? எழுதத் தெரியுது, போகத் தெரியல? பயமா?"

ஆமாம் என்றேன். எனக்கு எக்ஸ்ரேயைப் படிக்கத் தெரியும். அதனால்தான் எடுக்கவே இல்லை.

அவள் வைத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, இந்தச் சனிக்கிழமை உன் டாக்டரிடம் எனக்கும் நேரம் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். பத்தரைக்கு நீ, பதினொன்றுக்கு நான். வரமாட்டேன் என்று சொல்ல இடமே கொடுக்கவில்லை.

வெள்ளி இரவு பஸ் ஏறுகிறேன். காலை ஆறு மணிக்கு வந்து சேரும். நீ எழுந்து வர வேண்டாம், தூங்கு. டாக்டர் அறையில் மட்டும், உன் முறை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடாதே. நான் கத்தினாலும் கத்துவேன். வெளியே நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

சித்தி